மூன்று பிரிவுகளை ஒன்றாக்குகிறார்கள். தெரிந்தவர்கள் வாயைத் திறப்பதில்லை

வாசகர் கேள்வி – மார்ச் 4, காலை

எங்கள் நிறுவனத்தில் மூன்று பராமரிப்புப் பிரிவுகளை ஒன்றாக இணைக்கிறார்கள். மேற்பார்வைப் பொறுப்பு என்னுடையது. பழைய ஆட்களுக்குத் தெரிந்தது நிறைய, ஆனால் யாரும் வெளியே சொல்வதில்லை. எழுதிக் கொடுங்கள் என்று படிவம் கொடுத்தேன், நாலு வரி எழுதித் திருப்பிக் கொடுத்தார்கள். வேண்டுமென்றே பதுக்குகிறார்கள் என்றுதான் தோன்றுகிறது. பகிர்ந்தால்தான் வருட மதிப்பீட்டில் மதிப்பெண் என்று வைத்தால் வழிக்கு வருவார்களா?

மார்ச் 4, மதியம்

வரமாட்டார்கள். படிவத்தில் வரிகள் கூடும், அவ்வளவுதான்.

பதுக்குகிறார்கள் என்ற முடிவுக்குப் போகும் முன் ஒன்றைப் பாருங்கள். கேப்ரியல் சுலான்ஸ்கி என்ற ஆய்வாளர் 1996-ல் இதே கேள்வியை எடுத்துக்கொண்டார். ஒரே நிறுவனத்துக்குள் ஒரு பிரிவில் நன்றாக நடக்கும் வேலைமுறை பக்கத்துப் பிரிவுக்கு ஏன் போவதில்லை? 8 நிறுவனங்களில் 122 முயற்சிகளை ஆராய்ந்தார். சொல்பவருக்கு மனமில்லை, கேட்பவருக்கு ஆர்வமில்லை என்றுதான் எல்லோரும் வழக்கமாகச் சொல்வார்கள். அவருக்குக் கிடைத்த பெரிய தடைகள் வேறு. வாங்கிக்கொள்பவருக்கு அதைப் புரிந்துகொள்ளும் அடிப்படை இல்லை. அந்த முறை ஏன் பலிக்கிறது என்று அதைச் செய்பவருக்கே தெளிவாகத் தெரியவில்லை. இரண்டு பேருக்கும் இடையில் பேச்சுவார்த்தையே சிரமமாக இருக்கிறது.

மூன்றில் எதற்கும் மதிப்பெண் மருந்தில்லை.

மார்ச் 4, இரவு

அந்த நாலு வரிப் படிவம் மனதை விட்டுப் போகவில்லை.

முன்பு நான் வேலை பார்த்த ஆலையில் ஒரு மூத்த ஃபிட்டர் இருந்தார். அங்கேயும் பிரிவுகளை இணைத்தார்கள். உங்களுக்குத் தெரிந்ததையெல்லாம் வெள்ளிக்கிழமைக்குள் எழுதிக் கொடுங்கள் என்று அவரிடமும் ஒரு தாளை நீட்டினார்கள். அவர் எழுதியது: "பேரிங் சத்தம் பார்க்கவும். கிரீஸ் அளவு பார்க்கவும்." மேலதிகாரிக்குக் கோபம். இவ்வளவு வருடத்தில் தெரிந்துகொண்டது இதுதானா என்று கேட்டார்.

அதே மனிதரிடம் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது போய் நின்றேன். ஸ்க்ரூடிரைவர் முனையை பேரிங் கூட்டின் மேல் ஊன்றி, பிடியைக் காதோடு ஒட்டி வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். "அண்ணே, என்ன கேட்கிறது?" என்றேன். அப்புறம் நிறுத்தவே இல்லை. மெஷினைப் போட்டவுடன் கேட்காதே, சூடேறட்டும் என்றார். கிரீஸ் போட்டதும் சத்தம் அடங்கினால் சந்தோஷப்பட்டுப் போய்விடாதே, கொஞ்ச நேரம் நில், மறுபடி கிளம்பினால் பேரிங் போய்விட்டது என்று அர்த்தம் என்றார். எந்த மெஷினில் பெல்ட் சத்தத்தை பேரிங் சத்தம் என்று நினைத்து ஏமாறுவார்கள் என்பதைக்கூடச் சொன்னார். இதில் எதையும் அவர் ஒளித்து வைத்திருக்கவில்லை. வெற்றுத்தாளுக்கு முன்னால் அவருக்கு எதுவும் நினைவுக்கு வரவில்லை, மெஷினுக்கு முன்னால் எல்லாம் வந்தது.

நம்மால் சொல்ல முடிவதைவிட நமக்குத் தெரிந்தது அதிகம் என்று மைக்கேல் பொலானி என்ற தத்துவ அறிஞர் 1966-ல் எழுதினார். அதற்கு அப்புறம் வந்த எத்தனையோ நிறுவனங்கள் அதைப் படித்துவிட்டு, சரி, சொல்ல முடியாததையும் படிவத்தில் நிரப்பச் சொல்வோம் என்று இறங்கின. உங்கள் ஆட்களிடம் தாளை நீட்டுவதற்குப் பதில், வேலை நடக்கும் இடத்துக்கு ஒரு இளைஞரைக் கேள்விகளோடு அனுப்புங்கள். எழுதும் வேலை அந்த இளைஞருடையது. பெரியவர் எழுதவே வேண்டாம், படித்துப் பார்த்துத் திருத்தினால் போதும்.

மார்ச் 6

கேள்வி கேட்டவர் விடவில்லை. "எங்கள் இடத்தில் இரண்டு பேர் உண்மையிலேயே மறைக்கிறார்கள், நேரில் கேட்டாலும் மழுப்புகிறார்கள்" என்கிறார்.

இருக்கலாம். அப்படியானால் காலண்டரை எடுத்துப் பாருங்கள். பகிரச் சொன்ன அதே மாதத்தில் ஆட்குறைப்புப் பேச்சும் அடிபட்டதா? இணைப்பு என்றாலே, இரண்டு பேர் செய்யும் வேலைக்கு இனி ஒருவர் போதும் என்ற கணக்கு எல்லோர் மனதிலும் ஓடும். தனக்கு மட்டும் தெரிந்த விஷயம்தான் தன் வேலைக்குக் காவல் என்று நினைக்கும் ஒருவரிடம் போய் அதைக் கொடுங்கள் என்கிறீர்கள். அவர் மழுப்புவது குணக்கேடு என்று எனக்குத் தோன்றவில்லை. முதலில் யார் யாருக்கு எந்த இடம் என்பதை அறிவியுங்கள். அறிவிக்க உங்களுக்கு அதிகாரம் இல்லையென்றால், அதிகாரம் உள்ளவர் அறிவிக்கும்வரை இந்த வேலையைத் தள்ளிப்போடுங்கள். வரிசை மாறினால் கதவு மூடிக்கொள்ளும், அப்புறம் திறப்பது கஷ்டம்.

மார்ச் 6, இரவு

பயம் பற்றி எழுதியதும் விமானத்துறையில் நடந்த ஒன்று நினைவுக்கு வந்தது. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1974 டிசம்பர் 1. டி.டபிள்யூ.ஏ. என்ற அமெரிக்க விமான நிறுவனத்தின் 514-ம் எண் விமானம் வாஷிங்டன் அருகே டல்லஸ் விமான நிலையத்தை நெருங்கும்போது வர்ஜீனியாவில் ஒரு மலையில் மோதியது. 92 பேரும் இறந்தார்கள். கட்டுப்பாட்டு அறை தந்த அனுமதியை எப்படிப் புரிந்துகொள்வது, எந்த இடத்தில் எவ்வளவு உயரத்துக்கு இறங்கலாம் என்பதில் இருந்த குழப்பம் அதில் பெரிய பங்கு வகித்தது. விசாரணையில்தான் தெரிந்தது: சுமார் ஆறு வாரங்களுக்கு முன் யுனைடெட் என்ற இன்னொரு நிறுவனத்தின் விமானம் ஒன்று அதே இடத்தில் அதே குழப்பத்தில் இறங்கி மயிரிழையில் தப்பியிருக்கிறது. அந்த விமானிகள் தங்கள் நிறுவனத்துக்குள் அதைச் சொன்னார்கள். யுனைடெட் தன் விமானிகள் எல்லோரையும் எச்சரித்தது. ஆனால் அந்தச் செய்தி பக்கத்து நிறுவனத்துக்குப் போக வழி இருக்கவில்லை.

இதற்குப் பிறகு விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் எஃப்.ஏ.ஏ. அமைப்பு 1975-ல் ஒரு திட்டம் தொடங்கியது: ஆபத்தாக ஏதாவது நடந்தால் எங்களிடம் சொல்லுங்கள். விமானிகள் தயங்கினார்கள். உரிமத்தைப் பறிக்கும் அதிகாரம் உள்ள அதே அலுவலகத்திடம் போய்த் தன் பிசகை யார் சொல்வார்கள்? அதனால் 1976-ல் சேகரிக்கும் பொறுப்பை நாசாவிடம் கொடுத்தார்கள். நாசாவுக்கு யாரையும் தண்டிக்கும் அதிகாரம் இல்லை. அறிக்கை வந்ததும் பெயர், அடையாளம் எல்லாவற்றையும் நீக்கிவிடுவார்கள். தெரியாமல் செய்த விதிமீறலை 10 நாட்களுக்குள் அறிக்கையாகக் கொடுத்திருந்தால் அபராதமோ உரிம நிறுத்தமோ விதிப்பதில்லை என்ற சலுகையும் உண்டு. அந்தத் திட்டம் இன்றும் நடக்கிறது.

உங்கள் இடத்தில் "பிசகுகளைப் பகிருங்கள்" என்று கேட்பவர் யார்? வருட மதிப்பீடு போடும் அதே மேலாளரா? சம்பள உயர்வைத் தீர்மானிக்கும் எச்.ஆரா? அந்த வேலையை வேறு ஒருவரிடம் மாற்றுங்கள். பக்கத்துப் பிரிவில் எல்லோரும் மதிக்கும் ஒரு டெக்னீஷியன் போதும்.

மார்ச் 7

சின்னக் குறிப்பு. ஏமி எட்மண்ட்சன் 1990-களில் மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நடக்கும் பிழைகளை ஆராய்ந்தார். நல்ல குழுக்களில் பிழை குறைவாக இருக்கும் என்றுதான் எதிர்பார்த்தார். கணக்கில் அங்கேதான் அதிகம் பதிவாகியிருந்தது. அந்தக் குழுக்களில் பிழையை வெளியே சொல்ல யாரும் பயப்படவில்லை, அதனால் பதிவு கூடியது. இணைப்புக்குப் பிறகு உங்கள் பதிவேட்டில் கோளாறுகள் கூடினால் உடனே யாரையும் திட்டாதீர்கள்.

மார்ச் 9

முதல் நாள் குறிப்பில் சொல்பவர், வாங்கிக்கொள்பவர் பக்கத் தடைகளைப் பற்றி எழுதினேன். யோசித்துப் பார்த்தால் அது பாதிதான். மூன்று பிரிவுகள் இணையும்போது தொலைந்துபோகும் முதல் விஷயம், யாரிடம் எதைக் கேட்கலாம் என்ற பழக்கம்.

டேனியல் வெக்னர் 1985-ல் இதை ஆய்வாக முன்வைத்தார். ஒன்றாக வாழ்பவர்கள், ஒன்றாக வேலை செய்பவர்கள் நினைவைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். எல்லாவற்றையும் எல்லோரும் நினைவில் வைப்பதில்லை, எது யாரிடம் இருக்கிறது என்பதை மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். 1995-ல் வேறு மூவர் இதைச் சோதித்தார்கள். ஆட்களுக்கு ரேடியோ பாகங்களைச் சேர்த்துப் பொருத்தக் கற்றுக்கொடுத்தார்கள். சிலருக்குத் தனித்தனியாகப் பயிற்சி, சிலருக்குக் குழுவாகப் பயிற்சி. பாடம் ஒன்றுதான். பிறகு எல்லோரையும் குழுவாகப் பொருத்தச் சொன்னபோது, சேர்ந்து கற்ற குழுக்களுக்கு அதிகம் நினைவிருந்தது, பிழையும் குறைவு. இவர் இதில் கெட்டி, அவர் அதில் கெட்டி என்று அவர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது.

இதை வைத்துப் பாருங்கள். ஒரு பிரிவில் நான்கு பேர் சேர்ந்து பல வருடம் கட்டியதை, அமைப்பு வரைபடத்தில் கோடு மாற்றி நான்கு திசையில் அனுப்புகிறோம். நான்கு பேரும் நிறுவனத்தில்தான் இருக்கிறார்கள். ஒருவரும் வேலையை விடவில்லை, ஆனாலும் பிரேக்டவுன் சரிசெய்ய முன்பைவிட நேரமாகிறது. மேலே இருப்பவர்களுக்குக் காரணம் புரிவதில்லை, ஏனென்றால் கணக்குப்படி ஆள் எண்ணிக்கை அப்படியே இருக்கிறது. இதை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். பார்க்க வேதனையாக இருக்கும். திறமையான மனிதர்கள் திடீரென்று தடுமாறுவார்கள், தங்கள் மேலேயே சந்தேகப்படத் தொடங்குவார்கள்.

முடிந்தால் குழுவை முழுதாகக் கலைக்காதீர்கள். இரண்டிரண்டு பேராகவாவது சேர்த்தே அனுப்புங்கள்.

மார்ச் 12

"எல்லாவற்றையும் வீடியோ எடுத்துச் சேமித்துவிட்டால்?" என்று கேட்டிருக்கிறீர்கள். எடுங்கள், நல்லதுதான். ஆனால் அதோடு முடிந்துவிடும் என்று நம்பவேண்டாம். ஃபோக்பேங்க் என்ற பொருளின் கதையைக் கேளுங்கள்.

அமெரிக்காவின் அணுகுண்டு ஒன்றில் பயன்படும் பொருள் அது. அது என்ன என்பது இன்றும் ரகசியம். 1975 முதல் 1989 வரை தயாரித்தார்கள். பிறகு தேவையில்லை என்று அந்த ஆலையை மூடிவிட்டார்கள். பல வருடம் கழித்துப் பழைய குண்டுகளைப் புதுப்பிக்க அது மறுபடி தேவைப்பட்டது. செய்தவர்களில் பெரும்பாலோர் ஓய்வு பெற்றிருந்தார்கள் அல்லது வேறு வேலைக்குப் போயிருந்தார்கள். ஆவணங்களும் குறைவு. புதிதாக ஆலை கட்டி, பழைய முறையைத் தேடிப் பிடித்துச் செய்து பார்த்தார்கள். பொருள் வந்தது, ஆனால் அந்தப் பழைய குணம் வரவில்லை. இந்தத் தாமதமும் செலவும் பற்றி அமெரிக்க அரசின் தணிக்கை அமைப்பு 2009-ல் எழுதியது.

காரணம் பிறகு தெரிந்தது. அந்தக் காலத்தில் மூலப்பொருளில் ஒரு அசுத்தம் கலந்திருந்தது. இறுதிப் பொருளுக்கு அந்த அசுத்தம் வேண்டும். இப்போதைய சுத்திகரிப்பு முறை அதை நீக்கிவிட்டது. பழைய ஆட்களுக்கும் அது தெரியாது. எண்பதுகளில் அவர்கள் ஒவ்வொருவரையும் உட்காரவைத்து நாள் முழுக்க வீடியோ எடுத்திருந்தாலும் அந்த ஒரு விஷயம் அதில் வந்திருக்காது.

சுலான்ஸ்கி சொன்ன இரண்டாவது தடை இதுதான். ஏன் பலிக்கிறது என்று பலிக்கவைப்பவருக்கே தெரியாது.

மார்ச் 12, சற்று நேரம் கழித்து

மேலே எழுதியதைப் படித்துவிட்டு ஆவணம் வீண் என்று யாரும் முடிவு செய்துவிடக் கூடாது. ஃபோக்பேங்க் கதையிலிருந்து நான் எடுத்துக்கொள்வது நேர் எதிர்: இன்னும் விரிவாக எழுத வேண்டும், ஆனால் வேறு விஷயங்களை. "இப்படிச் செய்" என்பதோடு, அன்று என்ன மூலப்பொருள், யாரிடமிருந்து வந்தது, எந்த பேட்ச், என்ன வெப்பநிலை, என்ன முடிவு என்பதையும் குறிக்க வேண்டும். யாருக்கும் முக்கியம் என்று தோன்றாத விவரங்கள்தான் பிற்காலத்தில் துப்புக் கொடுக்கும். நல்ல லாக் புக் அதைத்தான் செய்கிறது. இணைப்பின்போது மூன்று பிரிவின் பழைய லாக் புக்குகளையும் "இடமில்லை" என்று யாராவது தூக்கி எறியப் பார்ப்பார்கள். விடாதீர்கள்.

அப்புறம், கம்ப்யூட்டரில் "செயல்முறை இறுதி", "செயல்முறை இறுதி புதியது", "இதுதான் இறுதி" என்று மூன்று கோப்புகள் எல்லா இடத்திலும் இருக்கும். உங்கள் இடத்தில் மூன்று பிரிவு, ஆக ஒன்பது இறுதிகள். அதை உட்கார்ந்து ஒன்றாக்குவதையே மூன்று பிரிவு ஆட்களும் சேர்ந்து செய்யும் முதல் வேலையாக வையுங்கள். எந்த வரியில் சண்டை வருகிறதோ அங்கே உண்மையான அறிவு இருக்கிறது.

மார்ச் 15

ஷிப்ட் மாறும் நேரம் பற்றி எழுதாமல் விட்டுவிட்டேன். எனக்கு மிக முக்கியமாகப் படுவது அதுதான்.

நான் இருந்த ஓர் இடத்தில் இரண்டு ஷிப்டுக்கும் இடையில் கால்மணி நேரம் ஒன்றின்மேல் ஒன்று படியும்படி வைத்திருந்தார்கள். போகிறவர் கை கழுவிக்கொண்டே வருகிறவரிடம் பேசுவார். "மூணாம் நம்பர் இன்றைக்கு ஒரு மாதிரி இருக்கிறது, கண் வை." இது எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. ஒரு மறுசீரமைப்பில் அந்தக் கால்மணி நேரத்தை வெட்டினார்கள், இரண்டு ஷிப்டுக்கும் சம்பளம் கொடுக்கும் வெட்டி நேரம் என்று. பதிலுக்குத் திரையில் ஒரு பட்டியல், டிக் செய்துவிட்டுப் போகலாம். "ஒரு மாதிரி இருக்கிறது" என்பதற்கு அந்தப் பட்டியலில் கட்டம் இல்லை. பிறகு அதே நிர்வாகம் அறிவுப் பகிர்வுக்கென்று தனிக் கூட்டங்கள் நடத்தியது. எனக்கு அப்போது வந்த கோபம் இன்னும் தீரவில்லை.

1980-களில் ஜூலியன் ஓர் என்ற மானிடவியலாளர் ஜெராக்ஸ் நிறுவனத்தின் மெஷின் பழுதுபார்ப்பவர்களோடு கூடவே சுற்றினார். மேனுவலில் ஒவ்வொரு கோளாறுக்கும் படிப்படியாக வழி போட்டிருந்தது. ஆனால் சிக்கலான கோளாறுகளை அவர்கள் தீர்த்தது, சேர்ந்து சாப்பிடும்போதும் காத்திருக்கும்போதும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்ட கதைகளால். நிர்வாகத்தின் கண்ணில் அது வேலையே இல்லை. பிறகு 1990-களில் அதே நிறுவனம் பிரான்ஸில் தொடங்கி யுரேகா என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. ஒரு டெக்னீஷியன் கண்டுபிடித்த வழியை எழுதி அனுப்புவார். சக டெக்னீஷியன்கள் சரிபார்ப்பார்கள், அவர் பெயரோடு எல்லோருக்கும் போகும். எழுதியவர் பெயர் அதில் இருந்ததை நான் பெரிதாக நினைக்கிறேன். உங்கள் படிவத்தில் பெயர் எங்கே இருக்கிறது? கீழே, பணியாளர் எண்ணுக்குப் பக்கத்திலா?

மார்ச் 18

மேலாளர்களைப் பற்றி ஒருவர் கேட்டார். டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் 1984-ல் கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்டில் நும்மி என்ற கூட்டு ஆலையைத் தொடங்கின. 1982-ல் ஜி.எம். மூடிய அதே ஆலை, தொழிலாளர்களில் பெரும்பாலோரும் பழைய ஆட்களே. தகராறுக்கும் மோசமான தரத்துக்கும் பேர்போன இடம் சீக்கிரமே தரத்தில் முன்னுக்கு வந்தது. கோளாறைப் பார்த்தால் யார் வேண்டுமானாலும் கயிற்றை இழுக்கலாம். இழுத்தால் குழுத் தலைவர் உதவிக்கு ஓடிவருவார், தேவைப்பட்டால் உற்பத்தி வரிசையே நிற்கும். ஜி.எம். தன் மற்ற ஆலைகளுக்கும் இதைக் கொண்டுபோகப் பார்த்தது, எளிதில் ஒட்டவில்லை. கயிற்றை வாங்கி மாட்டிவிடலாம். இழுத்தவரிடம் வந்து நிற்பவரின் முகம் எப்படி இருக்கிறது என்பதை வாங்க முடியாது.

உங்களிடம் ஒருவர் "இது எனக்குத் தெரியவில்லை" என்று வரும்போது நீங்கள் சொல்லும் முதல் வார்த்தையை மற்றவர்கள் தூரத்திலிருந்து கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

மார்ச் 19

நாசாவைப் புகழ்ந்து எழுதினேன், மறுபக்கமும் சொல்ல வேண்டும். விமானிகளின் அறிக்கைகளை அவ்வளவு கவனமாகக் காக்கும் அதே நிறுவனத்தில், 2003 பிப்ரவரி 1 அன்று கொலம்பியா விண்கலம் சிதறி ஏழு பேர் இறந்தார்கள். விசாரணைக் குழு 1986-ன் சேலஞ்சர் விண்கல விபத்தின் எதிரொலிகளை அதில் கண்டது. நாசா கற்றுக்கொள்ளும் அமைப்பாக நடந்துகொள்ளவில்லை என்றே எழுதியது. பாடங்களைச் சேமிக்கும் தரவுத்தளம் அவர்களிடம் இருந்தது. திட்ட மேலாளர்கள் அதை வழக்கமாகத் திறந்து பார்ப்பதில்லை என்று 2002-லேயே தணிக்கை அமைப்பு சுட்டிக்காட்டியிருந்தது. ஏழு உயிர்கள். இதை எழுதும்போது கை கனக்கிறது.

மார்ச் 23

ஏப்ரலில் இணைப்பு என்று உறுதியாகிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். இடங்களும் அறிவித்தாகிவிட்டது, யாருக்கும் வேலை போகவில்லை என்பது நல்ல செய்தி.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதல் மாதம் புதிய இலக்கு எதையும் வைக்கமாட்டேன். மூன்று பிரிவிலும் எந்தெந்தக் கோளாறு யாரிடம் போகும் என்று ஆட்களையே சொல்லவைத்து, ஒரே தாளில் பெயர்களோடு சுவரில் ஒட்டுவேன். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் கற்றுக்கொள்ளும் இன்னொரு பெயர் இருக்கும், வேறு பிரிவிலிருந்து வந்தவராக. பெரியவர் விடுப்பில் போகும் நாளில் அந்த இரண்டாவது ஆள்தான் முதலில் போய்ப் பார்க்க வேண்டும். திரும்பி வந்ததும் இருவரும் மெஷின் முன்னால் நின்று பேச நேரம் ஒதுக்குவேன். அந்த நேரம் வேலை நேரக் கணக்கிலேயே வரவேண்டும், மதிய இடைவேளையில் திணிக்கக் கூடாது.

மழுப்பிய அந்த இரண்டு பேர் பற்றி மறுபடி கேட்டிருந்தீர்கள். அவர்களில் ஒருவரிடம் பழைய லாக் புக்குகளைச் சரிபார்க்கும் பொறுப்பைக் கொடுத்துப் பாருங்கள். இன்னொருவரைப் பற்றி நீங்கள் எழுதியதை வைத்து என்னால் எதுவும் சொல்ல முடியவில்லை. அவர் எந்த மெஷினில் வேலை செய்கிறார், அவரோடு முன்பு யார் இருந்தார்கள் என்று எழுதுங்கள்.